பயனாளி எண் ஏழு

தேன்மொழியின் வீட்டுக்குள் புகுந்த ஆற்று நீர் நான்கு நாளில் வடிந்துவிட்டது. அதன் பின்னால் வந்த கருணை வடியத்தான் நான்கு மாதம் பிடித்தது.

ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் ஆறு கரையேறுவது புதிய செய்தி அல்ல. தாழ்ந்த பக்கத்தில் வீடு வைத்திருக்கிறவர்கள், மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் டி.வி.யைத் தூக்கி அலமாரி மேல் வைப்பார்கள். பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். தேன்மொழியும் அதையெல்லாம் செய்தாள். தூக்க முடியாமல் கீழேயே நின்றது ஒன்றே ஒன்றுதான். ஆள் படுக்கிற நீளத்துக்கு இருந்த அவளுடைய ஃப்ரீசர்.

ஐம்பத்து நான்கு வயது தேன்மொழிக்கு அந்த ஃப்ரீசர்தான் பிழைப்பு. கணவன் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிற்பகலில் உருளைக்கிழங்கு மசாலாவை மாவுக்குள் வைத்துக் கறிபாப் மடித்து அதில் அடுக்குவாள்; விடியற்காலையில் எடுத்துப் பொரித்து, பக்கத்துப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கும் இரண்டு காப்பிக் கடைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பாள். வெள்ளத்தில் அந்தப் பெட்டி சமையலறைக்குள் படகு மாதிரி மிதந்து, கதவில் முட்டி, கவிழ்ந்தது. நிவாரண மையத்திலிருந்து அவள் திரும்பி வந்தபோது, உள்ளே ஊறிப்போன கறிபாப்புகளின் நாற்றத்தோடு அது தலைகீழாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு கொடையாளர்கள் வரத் தொடங்கினார்கள்.

அரிசி வந்தது. பிஸ்கட் டின் வந்தது. மறுபடி அரிசி வந்தது. தனியாக இருக்கும் ஒருத்தியின் வீட்டுக்கு ஆறு மெத்தைகள் வந்தன. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு மூட்டையில் ஆண்கள் போடும் கோட்டு ஒன்றும், கைக்குழந்தைக்கான அரைக்கச்சைப் பொட்டலம் ஒன்றும், குதிகால் உயர்ந்த செருப்பில் இடது கால் மட்டும் ஒன்றும் இருந்தன. கொடுத்தவரின் பெருந்தன்மை வலது காலுக்கு வருவதற்குள் களைத்துவிட்டது போலும். தங்காக்கிலிருந்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் லாரி நிறையப் பட்டுச் சேலைகளை இறக்கிவிட்டுப் போனார். எல்லாம் பழைய மோஸ்தர், ஆனால் ஜரிகை அசல். சேறு அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் ஆளுக்கு இரண்டு பட்டு வாங்கிக்கொண்டார்கள்.

வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு படம் தேவைப்பட்டது. தேன்மொழி பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பாள். சிரிக்கச் சொல்வார்கள். சிரித்தால், அவ்வளவு சிரிக்க வேண்டாம் என்பார்கள். மூன்றாவது வாரத்துக்குள் அவளுக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது. உதடு கொஞ்சம் மலர வேண்டும், கண் கொஞ்சம் கலங்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று மிஞ்சக்கூடாது. அந்தத் தெருவிலேயே அதில் அவள்தான் தேர்ந்தவள் என்று பெயர் வந்தது. மற்ற வீடுகளுக்கு வந்தவர்களும் படத்துக்கு மட்டும் அவளைத் தேடி வந்தார்கள்.

அவள் ஒவ்வொருவரிடமும் ஒன்றைச் சொன்னாள். ஃப்ரீசர் போய்விட்டது, பழையதாக ஒன்று கிடைத்தாலும் போதும், தொழிலைப் பார்த்துக்கொள்வேன் என்றாள். ஒருவர், அடிப்படைத் தேவைகள் மட்டும்தான் எங்கள் பட்டியலில் உண்டு என்றார். இன்னொருவர், முதலில் எல்லோருக்கும் மெத்தை போய்ச் சேரட்டும் என்றார். ஓர் அம்மையார் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, பொருளின் மீது பற்று வைக்கக்கூடாது என்று அன்பாகப் புத்தி சொல்லிவிட்டு ஏழாவது மெத்தையை இறக்கப் பார்த்தார். அதை மட்டும் தேன்மொழி வாசலிலேயே தடுத்துவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் தென்முனை வள்ளன்மை மன்றத்தின் செயலாளர் சுகந்தினி கையில் படிவத்தோடு வந்தாள். ஜொகூர் பாருவில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வார இறுதிகளில் மன்றத்துக்காக ஓடுகிற பெண். முப்பது வயதிருக்கும். பேச்சில் மரியாதை இருந்தது. உட்கார்ந்து, தேன்மொழி கொடுத்த தேநீரையும் முழுதாகக் குடித்தாள். அதுவரை வந்தவர்களில் தேநீர் குடித்தவள் அவள் ஒருத்திதான்.

படிவத்தில் பெயர், அடையாள அட்டை எண், குடும்ப எண்ணிக்கை எல்லாம் இருந்தன. என்ன வேண்டும் என்று கேட்கும் கட்டம் மட்டும் இல்லை. தேன்மொழி ஃப்ரீசர் பற்றிச் சொன்னாள். சுகந்தினி அதை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள். எழுந்து போகும்போது சுவரைப் பார்த்தாள். இடுப்பளவு உயரத்தில் வெள்ளம் நின்ற பழுப்புக் கோடு வீட்டைச் சுற்றி ஓடியது. கீழே, தேன்மொழி வாங்கி வைத்திருந்த வெள்ளைச் சாய டின் இருந்தது.

"ஆன்ட்டி, இத இப்போ அடிச்சிடாதீங்க. நிகழ்ச்சி முடியட்டும். எங்க வீடியோவுக்கு இந்தக் கோடு வேணும்" என்றாள்.

ஆகவே கோடு மூன்று வாரம் காத்திருந்தது.

மன்றத்தின் தலைவர் சிவகணேசன். நில அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கு எழுத்தராக வந்தவர் என்பதும், அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் தமிழில் ஒற்றுப்பிழை விட்டதில்லை என்பதும் அவரே மேடைகளில் சொல்லி ஊருக்குத் தெரிந்த செய்திகள். அவர் பேச்சாளர். ஒரே தலைப்பில் பதினெட்டு வருடமாகப் பேசி வருகிறார்: இலக்கியத்திலும் சமயத்திலும் சமுதாயத்திலும் வள்ளன்மை. கோத்தா திங்கியில் பேசினார், குளுவாங்கில் பேசினார், பத்து பஹாட்டில் இரண்டு முறை பேசினார். கொடுப்பதைப் பற்றி ஓயாமல் பேசிய ஒருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டபோது மன்றம் பிறந்தது.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிகாமட்டில் ஒரு கோயில் மண்டபத்தில். காலை ஒன்பதுக்கு வந்து சேர்ந்த பயனாளிகளைப் பார்த்துச் சுகந்தினி கலங்கிப்போனாள். பட்டியலில் இருந்த பதினோரு பேரில் ஆறு பெண்கள். ஆறு பேரும் ஜரிகை மின்ன நின்றார்கள். தேன்மொழி ஊதா நிறப் பட்டில் இருந்தாள்.

ஏதாவது சாதாரணமாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று சுகந்தினி மெல்லக் கேட்டாள். சாதாரணச் சேலையெல்லாம் ஆற்றோடு போய்விட்டது, வீட்டில் இப்போது பட்டு மட்டும்தான் இருக்கிறது என்று தேன்மொழி விளக்கினாள். கடைசியில் மன்றத்துப் பெண்கள் தங்கள் துப்பட்டாக்களைக் கழற்றிக் கொடுத்து, ஏழைகளின் செல்வத்தை ஒருவாறு மூடினார்கள்.

தலைவர் பேசத் தொடங்கினார். நாற்பது நிமிடம் இலக்கியம். படர்வதற்குக் கொம்பு இல்லாமல் வாடிய கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்துபோன ஒரு மன்னனைப் பற்றிச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. முன் வரிசையில் இருந்த தேன்மொழி கவனமாகத்தான் கேட்டாள். மன்னன் எவ்வளவு தூரம் நடந்தான், குதிரைகளை யார் ஓட்டிக்கொண்டு போனார்கள், ஒரு மூங்கில் கழி நட்டிருந்தால் போதாதா என்றெல்லாம் அவளுக்குத் தோன்றியது. கொடியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு சமயம். கொடுப்பவன் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் உலகத்துச் சமயங்கள் அனைத்தும் ஒன்றுபடுகின்றன என்று அவர் சொன்னபோது, மூன்று படக்காரர்கள் மூன்று பக்கமிருந்து அவர் முகத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவருக்கு விளக்கு சரியாக விழவில்லை என்பதால் அந்த வரியை அவர் இன்னொரு தரம் சொன்னார்.

சமுதாயத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்துவிட்டது. சமுதாயம் ஆறே நிமிடத்தில் முடிந்தது.

பயனாளிகளை மேடைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினார்கள். தேன்மொழி பதினோராம் எண். சுகந்தினி வியர்த்துப்போய் அவளிடம் ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, ஒரு ஹெல்ப். ஏழாம் நம்பர் தாத்தா வரல. மகன் வந்து கூலாய்க்குக் கூட்டிட்டுப் போயிட்டாராம். வீல்சேர் கொடுத்த கம்பெனி ஆளுங்க முன்னாலயே உட்கார்ந்திருக்காங்க. நீங்க சும்மா உட்காருங்க. ரெண்டு போட்டோதான்."

"எனக்குக் கால் நல்லாத்தானேம்மா இருக்கு."

"தெரியும் ஆன்ட்டி. உங்க ஃப்ரீசர் விஷயம் நான் கண்டிப்பா தலைவர்கிட்ட பேசறேன்."

தேன்மொழி அந்தச் சக்கர நாற்காலியைப் பார்த்தாள். புதியது. முதுகுப்பக்கத்தில் மன்றத்தின் பெயர் முழங்கை நீளத்துக்கு ஒட்டியிருந்தது. ஃப்ரீசர் என்ற சொல்லை அந்தப் பெண் மறக்கவில்லை என்பதே அவளுக்கு நெஞ்சைத் தொட்டது. உட்கார்ந்தாள்.

படம் எடுப்பதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சிவகணேசனுக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது. மேடைக்கு நடுவே தள்ளிக்கொண்டு வரப்பட்ட பெண்ணைப் பார்த்ததும், எழுதி வைத்திருந்த நிகழ்ச்சி நிரலை அவர் மறந்தார். ஒலிவாங்கியோடு அவள் முன் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார்.

"அம்மா, உங்கள் கால்கள் எப்போது இப்படி ஆயின?"

ஒலிவாங்கி அவள் வாயருகே வந்தது. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் சுகந்தினி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றாள். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

"வெள்ளத்துலங்க ஐயா" என்றாள் தேன்மொழி.

மண்டபம் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. சிவகணேசன் அழுதார். அந்தக் கண்ணீரில் கலப்படம் இல்லை. மூன்று மாதமாக அவள் பார்த்த கொடையாளர்களில் அவளுக்காக உண்மையாகவே அழுதவர் அவர் ஒருவர்தான். அதுவும் அவளுக்கு இல்லாத நோய்க்காக.

மேடையில் சரிவுப் பாதை கிடையாது. நான்கு இளைஞர்கள் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். சாப்பாட்டில் அவளுக்கு முதல் பரிமாறல், பாயசம் இரண்டு கிண்ணம். கழிவறைக்குப் போக வேண்டும் போல இருந்ததை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் நான்கு பேர் வந்துவிடுவார்கள் என்ற பயம். வேன் அவளை வீட்டில் இறக்கிவிட்டுத் தெருமுனை திரும்பியதும், நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினாள்.

மறுநாளே படம் பரவியது. கெலாங் பாத்தாவில் குடியிருந்து தினமும் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்வரும் அவள் மகள் லோஷினி, எல்லை தாண்டும் இரண்டாம் பாலத்து நெரிசலில் பேருந்துக்குள் நின்றபடி கைப்பேசியில் அதைப் பார்த்தாள். முதலில் அம்மாவின் முகம் தெரிந்தது. பிறகு நாற்காலி தெரிந்தது. அலறாத குறையாக அழைத்தாள். அம்மா எடுக்கவில்லை. அவசர விடுப்புப் போட்டுவிட்டு மதியத்துக்குள் சிகாமட் வந்து சேர்ந்தபோது, அம்மா முக்காலி மேல் ஏறி நின்று காற்றாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

லோஷினி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"ஏம்மா எல்லார்கிட்டயும் பொய் சொன்ன?"

"எல்லார்கிட்டயும் எங்க சொன்னேன்? மைக்ல சொன்னேன்."

மகள் தானே தவணையில் ஒரு ஃப்ரீசர் எடுத்துத் தருவதாகச் சொன்னாள். தேன்மொழி ஒப்பவில்லை. ஊரில் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொண்ட கை மகளிடம் மட்டும் நீள மறுத்தது. மகளுக்கு வீட்டுக் கடன் இருந்தது. இதற்கு மேல் ஒரு சுமை எதற்கு என்றாள். லோஷினி சாயங்காலப் பேருந்து பிடித்துப் போகும் முன், அந்த நாற்காலியை எங்காவது தொலைத்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் அதைத் தொலைக்க வழியில்லாதபடி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் கார் சத்தம் கேட்டால் தேன்மொழி ஓடிப்போய்ச் சக்கர நாற்காலியில் உட்காருவாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. கோயிலிலிருந்து அர்ச்சனைத் தட்டோடு வந்து அவளுடைய முழங்காலில் விபூதி பூசினார்கள். தேவாலயத்திலிருந்து நால்வர் வந்து பாதத்தைத் தொட்டு ஜெபித்தார்கள். கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்ளாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சூராவ் என்கிற சிறு பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறவர்கள் ரொட்டியும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தாங்களும் வேண்டிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்கள். மூன்று சமயங்களும் சேர்ந்து வேண்டிக்கொண்டதாலோ என்னவோ, அவள் காலுக்கு அந்த மாதம் ஒரு சுளுக்குக்கூட வரவில்லை.

உண்மையான அடி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலிருந்து வந்தது. அதை நடத்தும் ராஜசேகரன் நல்ல மனிதர். வெள்ளத்துக்குப் பிறகு அவளுக்காகவே கறிபாப்பை வேறு யாரிடமும் வாங்காமல் இருந்தவர். படத்தைப் பார்த்து மனம் இளகி, இனி அவளைச் சிரமப்படுத்தக் கூடாது என்று முடிவு செய்து, அந்த வியாபாரத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். தேன்மொழி நிம்மதியாக ஓய்வெடுக்க வேண்டும் என்று ஒரு பழக்கூடையும் அனுப்பி வைத்தார்.

கூடையைப் பார்த்தபோதுதான் அவளுக்கு, இந்த நாற்காலியில் இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால், தான் நிஜமாகவே எழுந்திருக்க வழியில்லாமல் போய்விடும் என்று புரிந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தே பள்ளிக்குப் போனாள். அவள் வாசலில் வந்து நின்றதைப் பார்த்து, தேத்தாரேக் தேநீரைத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்த ராஜசேகரன் பாதியைத் தரையில் ஊற்றினார். நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. திங்கட்கிழமையிலிருந்து பழையபடி கொண்டுவாருங்கள், அந்தப் பெண்ணுக்கு வடையைக் கொடுத்துக்கொள்கிறேன் என்றார்.

திங்கட்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. ஃப்ரீசர் இல்லை.

தேன்மொழியின் அடுத்த வீடு, கால்கள் மேல் நிற்கும் பழைய மரவீடு. பாக் ஒஸ்மானும் அவர் மனைவி ரொக்கியாவும் அங்கே இருந்தார்கள். முன்பு விரைவுப் பேருந்து ஓட்டிய பாக் ஒஸ்மான் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக நடப்பதில்லை. ரொக்கியா அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அதை இழுத்து இழுத்துத்தான் வெயிலுக்குக் கொண்டுவருவாள். வீடு உயரமானது என்பதால் வெள்ளம் அங்கே ஏறவில்லை. ஏறாததால் ஒரு கொடையாளரும் அந்தப் படியை மிதிக்கவில்லை. சுவரில் கோடு இல்லாத வீட்டில் துயரம் இருக்க முடியாது என்பது எல்லாப் பட்டியல்களின் ஒருமித்த கருத்து.

ரொக்கியா முன்பு ஐஸ்கிரீம் விற்றவள். கணவன் விழுந்த பிறகு தொழிலை விட்டுவிட்டாள். அவளுடைய ஃப்ரீசர் வீட்டுக்குள், துணி மடித்து வைக்கும் மேசையாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வந்தும், துணிக்குவியலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தேன்மொழி அன்றுதான் கவனித்தாள்.

பேச்சு மலாயில் நடந்தது, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு அது வேண்டும், உனக்கு இது வேண்டும் என்றாள் தேன்மொழி. ஃப்ரீசர் பழையது, கதவு ரப்பர் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்று ரொக்கியா ஒளிக்காமல் சொன்னாள். நாற்காலி புதியது, ஆனால் முதுகில் பெரிய எழுத்து இருக்கிறது என்று தேன்மொழியும் ஒளிக்காமல் சொன்னாள். ஹலால் கெடாதபடி, உருளைக்கிழங்கு தவிர வேறெதையும் அதில் வைக்கக் கூடாது என்று ரொக்கியா நிபந்தனை போட்டாள். நான் வேறென்ன வைத்தேன் என்றாள் இவள். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை, யாரும் அழவில்லை, படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ரொக்கியாவின் உறவினர்கள் ஃப்ரீசரை இறக்கிக் கொடுத்துவிட்டு, பலகைகளைச் சேர்த்து ஆணியடித்துப் படிக்கட்டின் ஓரமாக ஒரு சரிவு செய்தார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு பாக் ஒஸ்மான் தெருவுக்கு வந்தார். தெருவிலிருந்து காலைச் சந்தைக்கும் போனார். போன இடமெல்லாம் மன்றத்தின் பெயரும் கூடவே போனது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெயரை ஒரு மன்ற உறுப்பினர் சந்தையில் பார்த்துவிட்டார். படம் எடுத்து வாட்சப் குழுவில் போட்டார். பயனாளி எண் ஏழின் நாற்காலியில் ஒரு மலாய்ப் பெரியவர் மீன் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று கீழே எழுதினார். நாற்காலி விற்கப்பட்டது என்று ஒருவரும், பறிக்கப்பட்டது என்று ஒருவரும் சொல்ல, அவசரக் கூட்டம் கூடியது. கூட்டத்தின் முடிவில், தானே நேரில் போய் விசாரிப்பதாகச் சிவகணேசன் அறிவித்தார்.

அவர் வந்தது சனிக்கிழமை காலை. ஜொகூர் பாருவிலிருந்து இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார். கூடக் கோப்போடு சுகந்தினி. கார் சத்தம் கேட்டதும் தேன்மொழியின் கால்கள் பழக்கத்தில் ஓரடி ஓடின. பிறகு அங்கே உட்கார ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மாவுக் கையோடு போய்க் கதவைத் திறந்தாள்.

சிவகணேசன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நெடுநேரம் பாதங்களைப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் நடக்கிறீர்கள்."

"ஆமாங்க ஐயா. ஒரு வயசுலேர்ந்து நடக்கிறேன். உள்ள வாங்க."

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னது யார் என்று கேட்டார். தேன்மொழி சுகந்தினியைப் பார்த்தாள். அந்தப் பெண் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வாரம் முழுக்க அலுவலகம், வார இறுதி முழுக்க ஊர் ஊராக அரிசி மூட்டை. தலைவரின் பேச்சை அவள் இதுவரை எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று நினைத்தபோது தேன்மொழிக்கு இரக்கம் வந்தது.

"யாரும் சொல்லலீங்க. கால் வலிச்சது, நான்தான் போய் உட்கார்ந்தேன்" என்றாள்.

சுகந்தினி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மூடியதைத் தேன்மொழி பார்த்தாள்.

சிவகணேசன் பேசினார். மன்றத்தின் நம்பிக்கை பற்றி, கொடுப்பவன் மனம் உடைந்தால் சமுதாயத்துக்கு வரும் கேடு பற்றி, தான் அன்று சிந்திய கண்ணீர் பற்றிப் பேசினார். தேன்மொழி குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில் அவர் குரல் இறங்கியது. கோபம் போய் உண்மையான வருத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது.

"நான் உங்களிடம் நேராகத்தானே கேட்டேன். ஏன் பொய் சொன்னீர்கள்?"

"நீங்க மைக்ல கேட்டீங்கய்யா. இப்படி வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா உள்ளத சொல்லியிருப்பேன்."

சமையலறையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து போய்ப் பொரித்துக்கொண்டு வந்து ஒரு தட்டை அவர் முன் வைத்தாள். விசாரிக்க வந்த இடத்தில் சாப்பிடுவது முறையல்ல என்று அவர் முகம் சொன்னது. ஆனால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் கார் ஓட்டி வந்த வயிறு வேறு சொன்னது. ஒன்றை எடுத்தார். இரண்டாவதை எடுக்கும்போது, யாரிடமோ வாங்கிச் சாப்பிடுகிறோம் என்ற சங்கடத்தில் அவர் கை ஒரு நொடி நின்றதை அவள் கவனித்தாள். நான்கு மாதமாக அவளுக்குப் பழகிப்போன சங்கடம் அது. சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

"உங்களுக்கு என்னதான் அம்மா தேவைப்பட்டது?" என்று மூன்றாவதை முடித்துவிட்டுக் கேட்டார்.

வெள்ளம் வந்ததிலிருந்து அவளை யாரும் கேட்காத கேள்வி. யாராவது அதைக் கேட்க மாட்டார்களா என்று எவ்வளவோ ஆசைப்பட்டிருந்தாள். இப்போது கேட்டபோது சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சமையலறை மூலையில் உறுமிக்கொண்டிருந்த ஃப்ரீசரைக் காட்டினாள்.

"இதாங்க. இப்போ இருக்கு."

"எங்களிடம் சொல்லியிருக்கலாமே."

"ஃபாரத்துல இடம் இல்லீங்க" என்றாள். சுகந்தினி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

நாற்காலியை மீட்டே தீருவது என்று வந்தவர் என்பதால், சிவகணேசன் அடுத்த வீட்டுக்கும் போனார். தேன்மொழியும் கூடப் போனாள், பின்னால் சுகந்தினியும். பாக் ஒஸ்மான் சரிவின் அடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். இவர் யார் என்று ரொக்கியாவுக்குத் தெரிந்ததும் உள்ளே போய்ச் சிவப்புச் சர்பத் கரைத்துக் கொண்டுவந்தாள். பாக் ஒஸ்மானுக்குப் பேச்சுக் குழறும். இடது கையால் சிவகணேசனின் விரல்களைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சந்தையில் இப்போதெல்லாம் மீனைத் தானே பார்த்து வாங்குவதாகவும், மனைவி எப்போதும் பழைய மீனையே வாங்கி வந்தாள் என்றும் சொல்கிறார் என்று தேன்மொழி விளக்கினாள். ரொக்கியா அதை மறுத்தாள்.

சிவகணேசன் அந்தக் கைக்குள் தன் கையை விட்டுவிட்டு அசையாமல் நின்றார். நாற்காலியைத் திருப்பிக் கேட்கவில்லை. பதினெட்டு வருடப் பேச்சில் இப்படி ஒரு கட்டம் அவருக்கு வந்ததே இல்லை. எதிரில் கூட்டம் இல்லை, ஒரு கிழவரும் இரண்டு பெண்களும் ஒரு குவளைச் சர்பத்தும்தான் இருந்தார்கள். அவர் கண்கள் மறுபடி நிறைந்தன. அந்த நேரம் அவர் மனத்தில் மன்னன் இல்லை, கொடி இல்லை, மன்றமும் இல்லை என்றுதான் தேன்மொழி நம்பினாள்.

சுகந்தினியின் கை பழக்கத்தில் கைப்பேசியை உயர்த்தியது.

சிவகணேசன் வேண்டாம் என்று கையை உயர்த்தித் தடுத்தார். பிறகு அந்தக் கையாலேயே தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

மறு வருடம் மன்றத்தின் பதாகையில் அந்தப் படம்தான் இருந்தது. மதம் கடந்த மனித நேயம் என்று மேலே தங்க எழுத்து. சிவகணேசன் தன் பேச்சில் நான்காவதாக ஒரு பகுதி சேர்த்திருப்பதாகவும், இலக்கியம், சமயம், சமுதாயம் ஆகியவற்றோடு அண்டை வீடும் இப்போது இருபது நிமிடம் எடுக்கிறது என்றும் ராஜசேகரன் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அண்டை வீட்டாரிடையே ஒரு நாற்காலி கைமாறிய பெருமையை அவர் விரிவாகச் சொல்கிறாராம். ஃப்ரீசர் மட்டும் அந்தக் கதையில் வருவதில்லையாம். கொடைக்குள் பண்டமாற்று வந்தால் ஓசை கெட்டுவிடும் அல்லவா.

அந்த வருட நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பு சுகந்தினி அழைத்தாள். தேன்மொழி கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு கறிபாப் ஓரத்தை மடித்தபடி பேசினாள். அந்த நாள் பேசாமல் நின்றதற்குச் சுகந்தினி முதலில் மன்னிப்புக் கேட்டாள். இவள் பரவாயில்லை என்றாள். தலைவர் ஃப்ரீசர் நிதி என்று ஒன்று தொடங்கப் போவதாகவும், வேண்டியவர்கள் பெயர் இருந்தால் தருமாறும் சொன்னாள். தெருவில் இருவருக்குத் துணி தைக்கும் இயந்திரம்தான் வேண்டும், ஃப்ரீசர் வேண்டாம் என்று தேன்மொழி சொன்னாள். அதற்கு நிதி இல்லை ஆன்ட்டி, ஃப்ரீசர்தான் என்றாள் அவள். கடைசியாக விஷயத்துக்கு வந்தாள். இந்த வருடம் தேன்மொழி மேடையில் ஏறி, முன்னாள் பயனாளியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பது தலைவரின் விருப்பம்.

தேன்மொழி மடித்த கறிபாப்பைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வரேம்மா. நின்னுக்கிட்டு வரணுமா, உட்கார்ந்துக்கிட்டு வரணுமா?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"தலைவர்கிட்ட கேட்டுச் சொல்றேன் ஆன்ட்டி" என்றாள் சுகந்தினி.